தாய்மாமன் கட்டும் பட்டமும் ஆரணிப் பட்டும்

கேள்வியை முதலில் வைத்துவிடுகிறேன். காட்பாடியிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். கல்யாணப் புடவை எடுக்கக் குடும்பத்தோடு ஆரணிக்குப் போயிருக்கிறார்கள். கடையில் புடவைகளை விரித்துப் போட்டவர், "வெந்நீர்ல போட்டதும் புழு பட்டுப்போவுது இல்லம்மா, அதனாலதான் இதுக்குப் பட்டுன்னு பேரு" என்றாராம். கூடப் போன பெரியப்பா, "அதெல்லாம் இல்லை, பட்டு வடமொழிச் சொல்" என்று மறுத்தாராம். வெளியே வந்தால் பஸ்ஸில் 'சேத்துப்பட்டு' என்று போர்டு. தம்பிக்குச் சந்தேகம்: அப்படியானால் அந்த ஊர்ப் பெயரில் இருப்பது எந்தப் பட்டு? மூன்று பேரில் யார் சொல்வது சரி என்பது கேள்வி.

கடைக்காரர் சொன்னது தவறு. பெரியப்பா சொன்னது பாதி. தம்பிக்குக் கடைசியில் பதில் சொல்கிறேன்.

நான் ஆரணியில் தறி வீட்டில் பிறந்தவன். வேலூரில் பல வருஷம் தமிழ் வாத்தியார் வேலை பார்த்தேன். அதனால் இந்தச் சொல்லைத் தறிப் பள்ளத்தில் ஒரு காலும் அகராதியில் ஒரு காலுமாக நின்று பார்த்த பழக்கம் உண்டு. ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டம், வாலாஜாபேட்டை ராணிப்பேட்டை மாவட்டம், குடியாத்தம் வேலூர் மாவட்டம். 1989இல் ஒரு தடவையும் 2019இல் இன்னொரு தடவையும் பிரித்தார்கள். எங்களைப் போன்ற வயசாளிகளுக்கு எல்லாமே இன்னும் வட ஆற்காடுதான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

கடைக்காரர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் கூடாது. படு என்ற வினைக்குச் சாதல் என்ற பொருள் பழந்தமிழில் நன்றாகவே உண்டு. சான்றுக்குத் தூரம் போக வேண்டாம். நம் பழைய மாவட்டத்துச் செங்கம் பக்கத்து நடுகற்களில், மாடு மீட்கப் போய் இறந்த வீரனைப் பற்றி எழுதும்போது 'பட்டான் கல்' என்றுதான் முடிப்பார்கள். பட்டான் என்றால் இறந்தான். ஆனால் இன்றைய வழக்கில் பட்டுப்போவது மரமும் செடியும்தான். ஆடு பட்டுப்போச்சு, கோழி பட்டுப்போச்சு என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? புழுவென்றால் செத்துப்போச்சு என்போம்.

இலக்கணமும் இடம் கொடுக்காது. கெடு என்ற வினையிலிருந்து கேடு, சுடு என்பதிலிருந்து சூடு, விடு என்பதிலிருந்து வீடு, பெறு என்பதிலிருந்து பேறு. இப்படி முதலெழுத்து நீண்டு பெயராவதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த வரிசையில் படு என்பதற்குக் கிடைப்பது பாடு. 'படாத பாடு' என்கிறோமே, அதுதான். பட்டு என்று வருவது வினையெச்சம், 'அடிபட்டு விழுந்தான்' என்பதில் வருவது. அது இன்னொரு வினையைத் தேடி நிற்குமே தவிர, பட்டை, பட்டால், பட்டுக்கு என்று வேற்றுமை ஏற்று ஒரு பொருளுக்குப் பெயராக நிற்காது.

இதைவிடப் பெரிய சிக்கல், தமிழ் தெரியாத ஊர்களிலும் இதே சொல் இருப்பது. தெலுங்கில் பட்டு, மலையாளத்தில் பட்டு, கன்னடத்தில் பட்டெ. அவையாவது நம் பங்காளி மொழிகள். அசாமில் முசுக்கொட்டை இலை தின்னும் புழுவின் பட்டுக்குப் 'பாட்' என்று பெயர். குஜராத்தின் புகழ்பெற்ற படோலாப் புடவை 'பட்டகூல' என்ற சொல்லின் வழி வந்தது. வங்காளத்தில்தான் வேடிக்கை: அங்கேயும் பாட் உண்டு, பழைய வழக்கில் பட்டையும் குறித்திருக்கிறது, ஆனால் இன்று பாட் என்றால் சணல். சாக்குப்பை தைக்கிற சணலுக்கும் கல்யாணப் புடவைக்கும் ஒரே பெயர் எப்படி வாய்க்கும்? பெயர் புழுவிலிருந்து பிறந்திருந்தால் வாய்க்காது. நாரோ நூலோ, நெய்த துண்டின் உருவத்திலிருந்து பிறந்திருந்தால் வாய்க்கும்.

இங்கே எங்கள் நைனாவைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது வருஷத்துக்கு மேல் பட்டு நெய்தவர். பட்டுக்கூட்டை அவர் கையில் தொட்டதே இல்லை. நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வரும், சரிகை சூரத்திலிருந்து. வீட்டுக்கு வரும்போதே அது கழியாக முறுக்கிக் கட்டின நூல். சாயம் போடுவதற்கு முன் கோரா நூலை, அதாவது பக்குவப்படுத்தாத நூலை, சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுப்பார்கள். நாலில் ஒரு பங்கு எடை அந்தத் தண்ணீரோடு போய்விடும். வைக்கோல் மாதிரி விறைப்பாக இருந்த நூல் அதற்கப்புறம்தான் வழவழப்பும் மினுமினுப்பும் காட்டும். அதைப் பாவாக, அதாவது நீளவாக்கு இழையாக ஓட்டி, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை ஒவ்வொரு இழையாகப் பிணைத்து, குறுக்கு இழையான ஊடைக்குத் தார் சுற்றி, பள்ளத்தில் உட்கார்ந்தால் அவருக்குத் தெரிவதெல்லாம் கரை, உடல், முந்தி. "புழு எப்படி நைனா இருக்கும்?" என்று நான் கேட்டதற்கு, "அத்த நான் எங்கடா பார்த்தேன், கன்னடத்தான கேளு" என்றார். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தமிழனும் ஏறக்குறைய அதே நிலைமையில்தான் இருந்திருப்பான். அவன் கண்டது மரக்கலத்திலும் வண்டியிலும் வந்து இறங்கிய துணியை. பார்க்காத புழுவின் சாவைக் கொண்டு துணிக்குப் பேர் வைக்க அவனுக்கு என்ன அவசியம்?

இப்போது நீங்களே பார்க்கப் போகிற ஒரு காட்சியைச் சொல்கிறேன். நம் பக்கத்துப் பல சமூகங்களில் முகூர்த்தத்துக்கு முன்னால் பட்டம் கட்டுவது உண்டு. மணையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் ஒரு சின்னத் தகட்டை நூலால் கட்டுவார். வசதி உள்ளவர் தங்கத்தில் செய்வார், இல்லாதவர் வெள்ளியில், அதுவும் இல்லாவிட்டால் பூஜைச் சாமான் கடையில் விற்கிற ஜிகினாத் தகடு. மாமன் கட்டியதும் மற்ற உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கட்டுவார்கள். ஐந்தாறு பட்டம் சேர்ந்தால் பெண்ணுக்குக் கண்ணை மறைக்கும், போட்டோகிராபர் சலித்துக்கொள்வார். அந்த நிமிஷத்தில் அவள் நெற்றியில் இருப்பது பட்டம், உடம்பில் இருப்பது பட்டு. ஒரே சொல் ஒரே ஆளின் மேல் இரண்டு தடவை ஏறி உட்கார்ந்திருக்கிறது. என் பதிலின் சாரம் இவ்வளவுதான்.

சமஸ்கிருதத்தில் 'பட்ட' என்றொரு சொல். மோனியர் வில்லியம்ஸ் அகராதி அந்த ஒரே தலைச்சொல்லின் கீழ் தரும் பொருள்களை வரிசையாகப் படித்தால் படம் தெளிவாகும்: பலகை, தகடு, அரசன் தானம் எழுதும் செப்பேடு, காயத்துக்குக் கட்டும் துணிக்கீற்று, தலைப்பாகை, நெற்றியில் கட்டும் பட்டி, துணி, நேர்த்தியான துணி, கடைசியில் பட்டுத்துணி. எல்லாவற்றுக்கும் பொதுவானது மெல்லிசாக, தட்டையாக, நீளமாக இருப்பது. இந்தக் குடும்பத்திலிருந்து தமிழுக்கு எத்தனை பேர் வந்து குடியேறியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அரசன் தலையில் கட்டியது பட்டம், அதைக் கட்டும் சடங்கு பட்டாபிஷேகம், அவன் ஏறும் யானை பட்டத்து யானை. செப்புத் தகட்டில் வெட்டிக் கொடுத்த சாசனம் பட்டயம். நிலத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் காகிதம் பட்டா. பல்கலைக்கழகம் கொடுப்பதும் பட்டம், வாங்கினவர் பட்டதாரி. நெற்றித் தகடு போய்க் கறுப்புத் தொப்பி வந்துவிட்டது, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதலுக்காக நடையாய் நடக்கிறவருக்கும் ஆரணிக் கடையில் பட்டு பார்க்கிற பெண்ணுக்கும் இப்படி ஒரு சொந்தம்.

நெற்றிப் பட்டத்துக்கு எவ்வளவு மரியாதை என்பதற்கு ஒரு சான்று. வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய பிருகத் சம்ஹிதையில் பட்டத்தின் இலக்கணத்துக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அரசனுக்குரிய பட்டம் நடுவில் எட்டு விரல் அகலம், பட்டத்தரசிக்கு ஏழு, இளவரசனுக்கு ஆறு, படைத்தலைவனுக்கு நான்கு என்று அளவு சொல்கிறார். தங்கத்தில் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார். தாய்மாமன் கட்டும் ஜிகினாவுக்கு அளவு சொல்வாரில்லை. ஆனால் அன்று ஒரு நாளைக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் ராஜா ராணி என்பதுதானே அந்தச் சடங்கின் பேச்சு?

துணிக்கீற்று என்ற பொதுப் பெயர் பட்டுக்கு மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டது? எனக்குப் பிடித்த விடை அர்த்தசாஸ்திரத்தில் இருக்கிறது. கருவூலத்துக்கு வரும் துணிவகைகளைச் சொல்லும் இடத்தில் 'கௌசேய'மும் சீன நாட்டில் விளையும் 'சீனபட்ட'மும் வருகின்றன. சீனபட்டம் என்றால் சீனத்துத் துணி, அவ்வளவுதான். கௌசேயம் வேறு வகைப் பெயர். கோசம் என்றால் கூடு, கூட்டிலிருந்து வருவது கௌசேயம். ஆக வடமொழியிலேயே இரண்டு வழி இருந்தன: ஒன்று கூட்டைப் பார்த்து வைத்த பெயர், மற்றது துணியைப் பார்த்து வைத்த பெயர். வியாபாரத்தில் எப்போதும் பெயர் தேயும். சீனபட்டத்தில் சீனம் தேய்ந்து பட்டம் மட்டும் நின்றது என்று கொள்வது இயல்பாகப் பொருந்துகிறது. நாமும் அதைத்தானே செய்கிறோம்? "பொண்ணுக்கு ரெண்டு காஞ்சிபுரம், மூணு ஆரணி எடுத்தோம்" என்கிறோம். அங்கே புடவை என்ற சொல்லே தேய்ந்து ஊர் மட்டும் நிற்கிறது. சீனபட்டத்தில் ஊர் தேய்ந்தது, துணி நின்றது.

பெரியப்பாவுக்கு வருகிறேன். பட்டு வடசொல்லா? சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 'பட்ட' என்ற வடசொல்லிலிருந்துதான் வருவிக்கிறது. அந்த வரைக்கும் பெரியப்பா ஜெயித்தார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. வடமொழிப் பட்டத்துக்கும் அதன் கூடப் பிறந்த 'பட' என்ற துணிப் பெயருக்கும் கிரேக்கத்திலோ இலத்தீனிலோ நேர் உறவு கிடையாது. வேத காலத்து ஆரியரிடம் இருந்த சொல் அல்ல இது, இந்த மண்ணில் முன்பே புழங்கிய ஏதோ ஒரு மொழியிடம் வாங்கியது என்று கருதும் மொழியியலாளர்கள் உண்டு. அந்த மொழி திராவிடமா வேறொன்றா என்பதில் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். ஆகவே 'வடமொழி' என்ற முத்திரை, சொல் நம் வீட்டுக்கு எந்தத் தெரு வழியாக வந்தது என்பதைத்தான் சொல்கிறது. அதன் பிறந்த வீடு எது என்பது வேறு கேள்வி. தனித்தமிழ் ஆர்வலர்கள் இதைக் கேட்டு உற்சாகப்படலாம், ஆனால் கொஞ்சம் அளவோடு.

வந்ததும் நேற்றல்ல. பரணர் புறநானூற்றில் பேகனைப் பாடும்போது 'படாஅம் மஞ்ஞைக்கு ஈத்த எங்கோ' என்கிறார். மயிலுக்குப் போர்த்தியது படாம். பட்டு என்றே வரும் இடங்களும் உண்டு. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில் அவன் பொருநர் கூட்டத்துக்குக் 'கொட்டைக் கரைய பட்டுடை' கொடுக்கிறான். கொட்டைக் கரை என்பதற்குத் திரள முடிந்த கரை என்று உரை எழுதியிருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணைதான் நினைவுக்கு வரும். தறியிலிருந்து அறுத்தெடுத்த புடவையின் முந்தி ஓரத்தில் பாவு இழைகள் தொங்கும். அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் அதைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, முறுக்கி, நுனியில் முடிச்சுப் போட்டுக் குஞ்சம் கட்டுவார்கள். புடவைக்கு இவ்வளவு என்று கூலி. வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டே இருக்கும், விரல் எண்ணிக்கை தவறாது. கரிகாலன் கொடுத்த உடையில் இருந்த கொட்டையும் ஏதோ ஒரு அத்தை முடிந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அதே கரிகாலனின் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் இன்னொரு இடம்: 'பட்டு நீக்கித் துகில் உடுத்து'. இரவில் கணவரோடு இருக்கும் பெண்கள் பட்டைக் களைந்து மெல்லிய துகிலை உடுத்துகிறார்கள். புலவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தே எழுதியிருக்கிறார். கல்யாண மண்டபத்திலிருந்து திரும்பியதும் எந்த வீட்டிலும் முதலில் நடப்பது இதுதானே? பட்டுப்புடவையை உருவி நாற்காலியில் போட்டுவிட்டு, நைந்த காட்டன் புடவைக்கு மாறி, "அப்பாடா" என்று உட்காருவது. பட்டு பார்ப்பவர்களுக்கு, பருத்தி நமக்கு.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று வடக்கே கல்வெட்டில் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் பட்டு நெசவாளர் குழு ஒன்று சூரியன் கோயில் கட்டி, கவி வத்ஸபட்டியைக் கொண்டு ஒரு கல்வெட்டு எழுதி வைத்தது. கோயில் கட்டியது 436 வாக்கில், பழுது பார்த்தது 473 வாக்கில். குஜராத்தின் லாட தேசத்திலிருந்து அங்கே குடிபெயர்ந்தவர்கள் அவர்கள். கல்வெட்டு அவர்களைப் 'பட்டவாய' என்கிறது, பட்டு நெய்வோர் என்று. அதில் ஒரு சுலோகத்தின் கருத்து இது: இளமையும் அழகும் இருந்தாலும், பொன்மாலையும் வெற்றிலையும் பூவும் சேர்ந்தாலும், பட்டாடை உடுத்தாமல் பெண் தன் காதலனிடம் போகமாட்டாள். நெசவாளர் காசில் எழுதின கல்வெட்டு வேறு எப்படிச் சொல்லும்! என் கணக்கில் இந்தியாவின் பழைய ஜவுளி விளம்பரம் இதுதான். பூம்பட்டினத்துப் பெண் கணவனோடு இருக்கப் பட்டைக் கழற்றுகிறாள், மந்தசோர்ப் பெண் அதை உடுத்திக்கொண்டு போகிறாள்.

லாட தேசத்து நெசவாளர் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு நினைவு வரும். ஆரணியிலும் வாலாஜாபேட்டையிலும் வேலூரிலும் இருக்கும் சௌராஷ்டிரர்களைப் பட்டுநூல்காரர் என்று சொல்வது பழைய வழக்கம். அவர்களை மந்தசோர்க் குழுவோடு தொடர்புபடுத்தி எழுதுவோர் உண்டு. ஆயிரத்தைந்நூறு வருஷ இடைவெளியில் நேர்க்கோடு போட்டுவிட முடியாது என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பேரில் நூலோடு சேர்ந்து நிற்கும் பட்டு நமக்கு வேண்டிய சாட்சி. தியாகராஜரின் சீடர் வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் இந்தச் சமூகத்தில் பிறந்தவர்தான். ஊர்ப் பெயரோ ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயர். ஒரு சின்ன ஊரின் பெயர்ப்பலகைக்குள் எவ்வளவு கூட்டம் பாருங்கள்.

பட்டு ஒன்றுதான் பழைய பெயர் என்று நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரத்தில் மதுரையின் அறுவை வீதியை, அதாவது துணிக்கடைத் தெருவைச் சொல்லும்போது 'நூலினும் மயிரினும் நுழைநூல் பட்டினும்' என்று மூன்று வகையாகப் பிரிக்கிறார் இளங்கோ. நூல் என்றால் பருத்தி. மயிர் என்பதற்கு எலிமயிர் என்கிறார் உரைகாரர் அடியார்க்கு நல்லார். முகம் சுளிக்காதீர்கள், மென்மயிர் எலி வகையைச் சிந்தாமணியும் பேசுகிறது. அதே இடத்தில் அவர் கோசிகம், பீதகம், தேவாங்கு, பொன்னெழுத்து, குச்சரி, தேவகிரி என்று முப்பதுக்கும் மேற்பட்ட துணிப் பெயர்களை அடுக்குகிறார். இன்றைய ஜவுளிக்கடை போர்டு தோற்றது. கோசிகம் நாம் முன்பு பார்த்த கௌசேயம். பீதகம் மஞ்சள் நிறத்தால் வந்த பெயர். பீதாம்பரம் என்றால் உடனே பட்டு என்று நினைக்கிறோம், சொல்லில் இருப்பது மஞ்சளும் துணியும் மட்டும்தான். தேவகிரி ஊரால் வந்த பெயர். அதுபோலவே சங்கத் தமிழில் கலிங்கம் என்றால் துணி, கலிங்க நாட்டிலிருந்து வந்ததால். அறுவை, துணி, துண்டு மூன்றும் வெட்டுவதைக் கொண்டு வந்தவை. துணித்தால் துணி, அறுத்தால் அறுவை. தறியிலிருந்து புடவையை இன்றும் 'அறுத்து'த்தான் எடுக்கிறோம், நைனா அந்தக் கத்தியை வேறு எதற்கும் தொடவிடமாட்டார்.

ஊரால் வந்த பெயர் என்றதும் சாட்டின் நினைவுக்கு வருகிறது. அரபு வணிகர்கள் சீனத்தின் குவான்சோவ் துறைமுகத்தைச் சைத்தூன் என்று அழைத்தார்கள். அங்கிருந்து வந்த வழுக்கும் துணி சைத்தூனி, அது ஐரோப்பிய வாய்களில் புரண்டு சாட்டின் ஆனது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்தக் குவான்சோவில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டியிருக்கிறார்கள், 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சாட்டின் பெயர் பிறந்த துறைமுகத்தில் தேவாரம் ஒலித்திருக்கலாம் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும். வெல்வெட்டின் கதை சின்னது: இலத்தீனில் மயிர்க்கற்றையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, துணியின் மேல் நிற்கும் பூமயிருக்காக. சரிகை பாரசீகத்தின் 'சர்', அதாவது தங்கம். வேலூர் பஜாரில் உருது பேசுகிறவர்கள் பட்டை ரேஷம் என்பார்கள், அதுவும் பாரசீகம்தான்.

பட்டு என்ற சொல் தமிழில் துணியோடு நிற்கவில்லை, பண்பாகவும் ஆகிவிட்டது. மென்மை என்றால் பட்டு. குழந்தையைக் கொஞ்சினால் பட்டு. முதல் மழை பெய்த மறுநாள் செம்மண் காட்டில் ரத்தச் சிவப்பில் ஊர்ந்து போகும் ஒரு சின்ன உயிர் உண்டு, அதைப் பட்டுப்பூச்சி என்றுதான் சொல்வோம். தீப்பெட்டியில் புல் போட்டு அடைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவோம். விரலால் தொட்டால் காலை மடக்கிக்கொண்டு பொட்டு மாதிரி ஆகிவிடும். சங்கப் பாடல்களில் இதற்கு மூதாய் என்று பெயர். அது ஓர் இழை கூட நூற்பதில்லை. தொடும்போது பட்டு மாதிரி இருக்கிறது, அது போதும் பெயர் வைக்க. கடைக்காரர் சொன்ன 'பட்டுப்போன புழு' வாதத்துக்கு இந்தச் சிவப்புப் பூச்சியும் எதிர்ச்சாட்சி: உயிரோடு ஊரும்போதே அதற்குப் பட்டு என்று பேர்.

இப்படிப் பண்பாக மாறியதில் நஷ்டமும் உண்டு. பளபளப்பாக இருந்தால் எல்லாமே பட்டு என்று விற்கலாம். என் மகள் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு கடையில் 'அசல் பட்டு' என்று எடுத்தோம். வீட்டுக்கு வந்து குஞ்சத்திலிருந்து இரண்டு இழை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். உண்மைப் பட்டென்றால் முடி கருகின நாற்றம் வரும், தீயை எடுத்ததும் அணையும், மிஞ்சும் கரியை விரலில் தேய்த்தால் பொடியாகும். இது உருகி, சுருண்டு, நுனியில் குண்டூசித் தலை மாதிரி கறுப்பு மணியாக நின்றது. பிளாஸ்டிக் நாற்றம். நெய்கிறவன் வீட்டுக்கே இந்த வேலை! திருப்பிக் கொடுக்கப் போனால், "சார், பட்டுன்னா இப்ப எல்லாமே பட்டுதான்" என்றார் கல்லாவில் இருந்தவர். சொல்லாராய்ச்சிப்படி பார்த்தால் அவர் சொன்னதும் தவறில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். வங்காளத்துச் சணலைக் காட்டி அவரே வழக்கில் ஜெயித்துவிடுவார். நீங்கள் வாங்கும்போது அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், தீக்குச்சியும் கையில் இருக்கட்டும். இரவல் மட்டும் கொடுக்காதீர்கள். பட்டுப்புடவையை இரவல் கொடுத்துவிட்டு மணையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தவள் கதை தெரியும்தானே.

தம்பிக்கு: சேத்துப்பட்டில் இருக்கும் பட்டு, துணிப் பட்டு அல்ல. செங்கல்பட்டு, சேத்துப்பட்டு, மேல்பட்டு என்று நம் வடமாவட்டங்களில் ஊர்ப் பெயரின் கடைசியில் வருவதைப் பற்று, பட்டி என்ற குடியிருப்புச் சொற்களோடு சேர்த்துப் பார்ப்பதே முறை. பற்று என்றால் நிலப்பற்று, ஒருவருக்கோ கோயிலுக்கோ உரிய நிலமும் ஊரும். செங்கல்பட்டில் செங்கல்லுக்கும் வேலையில்லை, பட்டுக்கும் வேலையில்லை. செங்கழுநீர்ப் பூவும் பற்றும் சேர்ந்த பெயர் என்பார்கள். ஆரணி பஸ் ஸ்டாண்டில் சேத்துப்பட்டு வண்டியில் ஏறினால் பட்டுப்புடவை உடுத்தினவர்களைப் பார்க்கலாம், முகூர்த்த நாளாக இருந்தால்.